தரங்கம்பாடி: கோட்டையும் குப்பமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திங்கள்தோறும் கூடிப் பேசிக் கலையும் ஓர் அமைப்பு, பத்தாண்டுகள் தொடர்ந்து நடைபெறுவது எளிய செயலன்று. நாற்காலி எடுத்துப் போடுவாரும் தேநீர் கொண்டுவருவாரும் இருந்தாலன்றி இலக்கியம் வளர்வதில்லை என்பதை நம் வட்டம் மெய்ப்பித்திருக்கிறது. "சங்க இலக்கியம் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், இம்முறை நம் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். நான் உடனே தரங்கம்பாடி என்றேன். அவ்வூரைப் பற்றி எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அது என்ன கடன் என்பதை உரையின் பிற்பகுதியில் சொல்வேன்.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. 1926 ஆம் ஆண்டு முதல் மாயவரத்திலிருந்து அங்கே ஒரு தொடர்வண்டி ஓடியது. 1986 ஆம் ஆண்டு அது நின்றுபோயிற்று. அப்போது எனக்கு வயது ஆறு. நிற்பதற்குச் சில திங்கள் முன்னர் என் தந்தையார் என்னை அவ்வண்டியில் ஏற்றிக் கடல் காட்ட அழைத்துச் சென்றார். வண்டியை விட்டு இறங்கி நடந்தால் ஒரு பழைய நுழைவாயில். அதைக் கடந்தால் நேரே கடலை நோக்கிச் செல்லும் ஒரு தெரு. தெருவின் முடிவில் ஒரு கோட்டை. கோட்டையைப் பார்த்து, "இது யார் வீடு?" என்று கேட்டேனாம். "டேனிஷ்காரன் வீடு" என்றாராம் தந்தையார். பல்லாண்டுகள் எனக்குத் தரங்கம்பாடி என்றால் அந்த ஒரு விடைதான்.

ஊரும் பேரும்

ஓர் ஊரைப் பற்றிப் பேசப் புகும் தமிழாசிரியர் முதலில் அதன் பெயரை ஆராய்வது மரபு. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' நமக்கெல்லாம் அவ்வழியைக் காட்டிய நூல். தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடுகின்ற இடமாதலின் தரங்கம்பாடி என்று சுற்றுலாக் கையேடுகள் விளக்கம் தருகின்றன. கேட்கச் செவிக்கு இனிக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரில் வரும் 'பாடி' என்பது பாடுதல் தொழிலைக் குறிப்பதன்று. மக்கள் குடியமர்ந்த இடத்தைக் குறிப்பது அது. ஆயர்பாடி என்பதில் உள்ள பாடியே இங்கும் இருக்கிறது.

கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இன்னும் பழைய செய்தியைத் தருகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் அது. அக்கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன் பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்பது கடற்கரை நகருக்கு உரிய சொல் என்பதை நாம் அறிவோம். ஆகவே டேனிஷ் கப்பல் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னரே அரசன் பெயரைத் தாங்கிய பட்டினமாக இவ்வூர் விளங்கியது என்பது பெறப்படும். சடங்கன் என்பவன் யாவன் என்பதைக் கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. அவன் பெயர் மறைந்து, அலையின் பெயர் நிலைத்தது.

கோட்டை எழுந்த வரலாறு

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் 1616 ஆம் ஆண்டு ஒரு கிழக்கிந்தியக் குழுமத்தைத் தோற்றுவித்தார். 1618 ஆம் ஆண்டு ஓவே ஜெட்டே என்னும் இளம் படைத்தலைவரின் கீழ்க் கப்பல்கள் புறப்பட்டன. அவர்களுக்கு முன்னரே வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தனர். தப்பிப் பிழைத்த ரோலண்ட் கிராப்பே என்னும் வணிகர் தஞ்சை அரண்மனையை அடைந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரகுநாத நாயக்கர். கலை வல்லவர், கவிஞர். மிளகும் துணியும் தேடி வந்தவர்களுக்கு 1620 ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அவர் உடன்பாடு எழுதித் தந்தார். ஆண்டுதோறும் திறை செலுத்தும் உறுதியின் பேரில் இச்சிற்றூர் டேனியர் கைக்குச் சென்றது. இரகுநாதர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் எழுதியனுப்பிய தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவ்வுடன்பாட்டின் விளைவாக எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை.

கோட்டையின் வரலாற்றில் நான் விரும்பிப் படிக்கும் பகுதி ஒன்றுண்டு. ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நலிந்தது; குழுமம் நொடித்தது. 1640களுக்குப் பின் 1669 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்தோர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இறுதியில் எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்னும் எளிய குடிப்பிறப்பினர் ஒருவர் கோட்டைக்குப் பொறுப்பேற்று, உள்ளூர் மக்களின் துணையோடு அதைக் காத்து நின்றார். 1669 ஆம் ஆண்டு கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறிட்டவர் யார், மதில் எழுப்ப மண் சுமந்தவர் யார், காவல் நின்றவர் யார் என்று கேட்டால், தமிழ் மக்கள் என்பதன்றி வேறு விடையில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் நினைவில் வைத்திருக்கவில்லை.

அச்சும் ஏடும்

1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்ஷோ என்னும் ஜெர்மானிய இளைஞர் இருவர் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் இறங்கினர். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைந்தது. அவர் தமிழ் கற்ற முறை, தமிழாசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் செய்து, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அகரம் எழுதத் தொடங்கிய அக்கை பத்தாண்டுகளுக்குள் தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுதி, 1716 ஆம் ஆண்டு ஹாலே நகரில் அச்சேற்றியது.

இங்கே ஒரு திருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். அது பிழை. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. எனினும், ஓரிடத்தில் அச்சகமும் எழுத்து வார்ப்பும் நிலைபெற்றுத் தொடர்ந்து நூல்கள் வெளிவந்த பெருமை தரங்கம்பாடிக்கு உரியது. அச்சுப்பொறி இலண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713 ஆம் ஆண்டு வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் போதவில்லை. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர் என்பது சுவையான செய்தி. 1715 ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்க அருகிலுள்ள பொறையாற்றில் ஓர் ஆலையும் அமைக்க முற்பட்டனர். 1707 ஆம் ஆண்டிலேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது என்பதையும், கற்ற பெண்ணொருத்தி நின்று பேசும் இம்மேடையில் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

சீகன்பால்கு சமயம் பரப்ப வந்தவர். அவர் கருத்துகள் பலவற்றை நாம் ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஆனால் தாம் மறுக்க வந்த சமயத்தின் நூல்களையும் அவர் கற்றார். 1708 ஆம் ஆண்டு அவர் தொகுத்த பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகள் இடம்பெறுகின்றன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் தலையிட்டதால் கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி, 1708 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நான்கு திங்கள் அதே கோட்டையில் சிறையிருந்தார். 1719 ஆம் ஆண்டு, 36 ஆம் வயதில் காலமானார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் நிற்கிறது. அவர் உடலும் அங்கேதான் அடங்கியிருக்கிறது.

இவற்றினும் என்னை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. அவரும் அவர்தம் துணைவரும் தமிழ் மக்களிடம் வினாக்கள் விடுத்தனர். உங்கள் சமயம் யாது, உங்கள் இல்லற முறை யாது, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பன போன்ற வினாக்கள் அவை. தமிழர் தம் கைப்பட விடை எழுதினர். அவற்றுள் 99 மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு 1714 முதல் ஹாலேயில் அச்சிடப்பட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் ஊர்க்காரர், எவர் கட்டளையுமின்றி உரைநடையில் மனம் திறந்து எழுதியவை அவை. ஐரோப்பியரின் ஒழுக்கத்தைக் குறைகூறவும் அவர்கள் தயங்கவில்லை. ஆனால் தமிழ் மூலம் நம் கையில் இல்லை. எழுதியோர் பெயரும் அச்சிடப்படவில்லை. தமிழன் தமிழில் சொன்னதைத் தமிழன் இன்று அயல்மொழியிலிருந்து திரும்ப மொழிபெயர்த்துப் படிக்க வேண்டிய நிலை. இதைவிடப் பெரிய இழப்பு ஓர் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

ஓய்ந்த துறைமுகம்

1845 ஆம் ஆண்டு தரங்கம்பாடியையும் வங்கத்துச் சேரம்பூரையும் 12½ இலட்சம் ரூபாய்க்கு டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இவ்வூர் இருந்தது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள் முன்சீப்பாக முதலில் பணியாற்றியதும் இங்கேதான். தமிழின் முதல் புதினத்தைப் பின்னாளில் எழுதியவர் இவ்வூர்த் தெருக்களில் நடந்திருக்கிறார். 1861 ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திற்குத் தொடர்வண்டிப் பாதை வரவே வாணிகம் அங்கே சென்றது. தரங்கம்பாடி ஓய்ந்தது. ஓய்ந்ததனால் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின என்றும் சொல்லலாம்.

சுற்றுப்புறமோ வளம் மிக்கது. வடமேற்கே அபிராமி பட்டரின் திருக்கடையூர். அருகிலேயே தில்லையாடி, தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறைசென்று 1914 ஆம் ஆண்டு 16 ஆம் வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் குடும்பத்து ஊர். 1915 ஆம் ஆண்டு காந்தியடிகள் தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்து சென்றார். வடக்கே காவிரிப்பூம்பட்டினம், கடல் கொண்ட கதையை மணிமேகலை நமக்குச் சொல்லியிருக்கிறது.

அக்கதை பழங்கதையன்று. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறுகச் சிறுகக் கொண்டுபோய்விட்டது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பும் அழிவுக்குத் தப்பவில்லை. அதன் பின்னர்ப் பழைய மாளிகைகள் பல செப்பனிடப்பட்டன. ஆங்கிலேயர் காலத்து ஆட்சியர் மாளிகை தங்கும் விடுதியாயிற்று. சீகன்பால்கு வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாயிற்று. விடுமுறை நாள்களில் மகிழுந்துகள் நுழைவாயிலைக் கடந்து வரிசையாக வருகின்றன. மீனவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளிப் புதிய வீடுகள் எழுந்தன.

நான் பட்ட கடன்

இப்போது என் கடனுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவியரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றேன். இதுவரை உங்களிடம் சொன்ன செய்திகளையெல்லாம் கோட்டை மதில்மேல் நின்று அவர்களுக்கும் சொன்னேன். ஆண்டு பிழையாமல் சொன்னேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. மாணவியர் கைதட்டினர். ஒருத்தி மட்டும் கடலைப் பார்த்து நின்றாள். "ஏனம்மா, உனக்குப் பிடிக்கவில்லையா?" என்றேன்.

"பிடித்தது அம்மா. ஆனால் எங்கள் தெரு வரவே இல்லையே" என்றாள்.

அவள் அவ்வூர் மீனவர் குடும்பத்துப் பெண் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாண்டுகள் என் வகுப்பில் இருந்தவள். நெய்தல் திணையை நான் அவளுக்குத்தான் நடத்தியிருக்கிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்துக் கரும்பலகையில் எழுதிய நான், "இவ்வகுப்பில் கடற்கரையிலிருந்து வருவோர் யார்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதில் சொல்ல நா எழாமல் நின்றேன். பிறகு, "உன் தெருவை எனக்குக் காட்டுவாயா?" என்று கேட்டேன்.

அவள் பாட்டியாரிடம் அழைத்துச் சென்றாள். புதிய குடியிருப்பின் வாசலில் அமர்ந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையணையும் என்று விளக்கினார். நாம் அகராதியில் தேடிப் பொருள் எழுதும் சொற்கள் அவர் வீட்டில் விடியுமுன் புழங்குகின்றன. கோயிலுக்கு முன்னே மணல்வெளி எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டபோது, "கூப்பிட்டாக் கேக்காது டீச்சரம்மா, அம்புட்டுத் தூரம். வலைய அங்கதான் காயப் போடுவோம். இப்ப அது கடலுக்குள்ள கெடக்கு" என்றார்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தீர்களா என்று கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்ன விடை இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

"கோட்டைக்குப் பக்கத்துல எங்க ஊர் இல்ல டீச்சரம்மா. எங்க ஊருக்குப் பக்கத்துலதான் கோட்டைய கட்டினாங்க."

பேரலையில் அவர் தம் மருமகளையும் பேரன் ஒருவனையும் இழந்தவர். அதை அவர் சொல்லவில்லை; திரும்பும் வழியில் என் மாணவி சொன்னாள். மருமகள் என்று அவர் இழந்த பெண், இவளுடைய தாய்.

அவையோரே, நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நாம் கற்பிக்கிறோம். அந்த வாசலில் நான் இரங்கல் எதையும் காணவில்லை. வலையின் கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்த கைகளைத்தான் கண்டேன். பாடம் தவறு என்று சொல்லமாட்டேன். பாடத்தை மட்டும் அறிந்திருந்த என் கல்வி குறையுடையது என்று சொல்வேன். சடங்கன்பாடியில் தொடங்கி 99 மடல்கள் வரை, அவ்வூர் மக்கள் பெயரில்லாமலே மறைந்ததற்கு அயலவரை நொந்துகொண்டு வந்த நான், என் வகுப்பிலேயே அதே செயலைச் செய்திருந்தேன்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திங்கள் கூட்டங்களுள் ஆண்டுக்கு இரண்டையேனும் கடற்கரை ஊர்களில் நடத்துவோம். காற்றின் பெயர், நீவாட்டின் பெயர், மீனின் பெயர், வலையின் பெயர், கடலுக்குள் போன தெருக்களின் பெயர் ஆகியவற்றை அம்மக்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். சொன்னவர் பெயரை, அவர் இசைந்தால், கட்டாயம் அச்சிடுவோம். அந்த மடல்களின் தமிழ் மூலத்தை நம்மால் மீட்க இயலாது. இன்று உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் தமிழை இழக்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது. பேசுவோரின் அகவை எழுபது, எண்பது. ஆதலால் காலம் மிகுதியாக இல்லை.

அந்த மாணவி இப்போது முதுகலை முடித்து, தம் ஊரின் கடல்சார் சொற்களைத் தொகுத்து வருகிறாள். அறுநூறு சொற்களுக்கு மேல் குறிப்பேட்டில் சேர்ந்துவிட்டன. அவற்றுள் பலவற்றை நான் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த திங்கள் கூட்டத்தில் அவளைப் பேச அழைக்க வேண்டும் என்றும், கேட்போர் வரிசையில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றும் செயலாளரைக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.